சுகர் நோட்டு

டாக்டரம்மா முழங்காலுக்குக் கீழே நாலு விரற்கடை தள்ளி, தன் விரலால் குறுக்கே ஒரு கோடு இழுத்துக் காட்டினாள். "இங்க எடுத்துட்டா உயிரக் காப்பாத்திடலாம் பெரியவரே. இன்னும் ரெண்டு நாள் போச்சின்னா தொடை வரைக்கும் போகணும். அதுக்கு மேல என் கையில இல்ல. மத்தியானம் ரெண்டு மணிக்கு வர்றேன். யோசிச்சிக் கையெழுத்துப் போடுங்க."

சீனுவாசன் அந்த விரல் போன பக்கம் பார்க்கவே இல்லை. தலையணைக்கு அடியில் கையை விட்டு, பிளாஸ்டிக் உறை போட்ட சுகர் நோட்டை உருவி நீட்டினார். "ஏம்மா, எனக்கு சுகரு கண்ட்ரோல்ல கீது. நீயே பாரு. ரெண்டு வருசமா நூத்தி முப்பத தாண்டினதே இல்ல. அப்புறம் காலு எப்பிடி அழுகிப் போவும்? வேற யாரு ரிப்போட்டயோ எனக்குச் சொல்லிக்கினு கீற."

அந்தப் பெண் பொறுமைசாலி. பக்கம் பக்கமாகப் புரட்டினாள். மாதத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை, நூற்றி இருபத்தெட்டு, நூற்றி இருபத்திரண்டு, நூற்றிப் பத்தொன்பது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஊர் சுகாதார நிலையத்து நர்ஸ் பச்சை மையில் போட்ட டிக். பார்த்துவிட்டு நோட்டை மூடினாள். "மூணு மாசத்துச் சராசரி சர்க்கரைன்னு ஒரு டெஸ்ட் இருக்கு. உங்களுக்கு அது பன்னெண்டு வந்திருக்கு. ஏழுக்குள்ள இருக்கணும். இந்த நோட்டும் அந்த ரத்தமும் ஒரே ஆளுதா, அதான் எனக்குப் புரியல" என்றாள்.

கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்த அவர் மனைவி கெங்கம்மாளுக்குப் புரிந்தது.

ஒலக்கூர் பக்கத்தில் நிலக்கடலை விளையும் மூன்று ஏக்கர் மல்லாட்டைக் கொல்லையும் ஒரு கிணறும் வைத்துக்கொண்டு, யாருக்கும் தலை குனியாமல் காலம் தள்ளியவர் சீனுவாசன். சர்க்கரை வந்தபோதுகூட அதை ஒரு வியாதியாக அவர் மதிக்கவில்லை. ஆனால் ஒரு செவ்வாய்க்கிழமை முந்நூற்றுப் பத்து வந்துவிட்டது. வரிசையில் நாற்பது பேர் நிற்க, "ஐயா, அடுத்த மாசமும் இப்படி வந்தா ஊசிதான்" என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். அவர் அரண்டு போனது அந்த ஒரு சொல்லுக்குத்தான். அடுத்த தெரு பெரியசாமிக்கு ஊசி போட ஆரம்பித்தார்கள், ஆறு மாதத்தில் காலை எடுத்தார்கள், வருஷம் திரும்புவதற்குள் ஆளே போய்விட்டார். ஊசியால்தான் கால் போனது என்று ஊரே பேசிக்கொண்டது. கால் போகிற நிலைமைக்கு வந்த பிறகுதான் ஊசிக்கே பெரியசாமி சம்மதித்தார் என்பதை எடுத்துச் சொல்ல அங்கே யார் இருந்தார்கள்?

அன்றையிலிருந்து மனிதர் ஒரு வழி கண்டுபிடித்தார். சுகர் பார்க்கிற செவ்வாய்க்கு முந்தின நாள் மத்தியானத்தோடு சோற்றை நிறுத்திவிடுவார். விடியற்காலையில் ஒரு டம்ளர் பாகற்காய்ச் சாறு. ஒரு மாத்திரைக்கு ரெண்டு மாத்திரை. பஸ்ஸைத் தவிர்த்துவிட்டு மூன்று கிலோமீட்டர் வேகு வேகென்று நடை. போய் விரலை நீட்டினால் நூற்றி இருபத்தெட்டு! "ஐயாவப் பாத்துக் கத்துக்கங்க" என்று நர்ஸ் மற்றவர்களுக்குச் சொன்னாளாம். அந்த நோட்டை டீக்கடையில் விரித்து வைத்து எல்லாருக்கும் காட்டிக்கொண்டே, சர்க்கரை தூக்கலாக ஒரு டீ குடித்துவிட்டு வந்தார். மீதி இருபத்தொன்பது நாளும் மாத்திரை ஞாபகம் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. பலாப்பழக் காலத்தில் பலாப்பழம், கரும்பு வெட்டுக் காலத்தில் கரும்பு.

பாகற்காய் அரைத்துக் கொடுத்தது யார்? கெங்கம்மாள்தான். அவளுக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது, பொய் சொல்வானேன்! திங்கட்கிழமை ஆனால், "இன்னாயா, நாளைக்குப் பரிச்சையா?" என்று கிண்டல் செய்துகொண்டே அம்மியைக் கழுவுவாள். நாளாக ஆக அந்த நம்பரை அவரே நம்ப ஆரம்பித்துவிட்டார். அவளும் நம்பினாள். அதனால்தான் வேலிக்காத்தான் முள் செருப்பைத் துளைத்துக் குதிகாலில் ஏறி, வீட்டுத் தரையெல்லாம் ரத்தச் சுவடு பார்த்து அவள் பதறியபோது, "வலிக்கவே இல்லடி" என்று அவர் சிரித்ததை நல்ல சேதியாக எடுத்துக்கொண்டாள். மஞ்சளைக் குழைத்து வைத்துக் கட்டினாள். பன்னிரண்டு நாள் கட்டினாள். நாற்றம் வந்த பிறகு திண்டிவனத்துக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே கட்டைப் பிரித்துப் பார்த்தவர்கள் உடனே ஆம்புலன்ஸில் ஏற்றி விழுப்புரத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

வராந்தாவில் டாக்டரம்மாவின் பின்னாலேயே ஓடி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள் கெங்கம்மாள். பட்டினி, சாறு, ரெட்டை மாத்திரை எல்லாம். திட்டுவாள், நாலு வார்த்தை கேட்டால் மனசு ஆறும் என்றுதான் சொன்னாள். டாக்டரம்மா திட்டவில்லை.

"நிறைய பேர் இப்படித்தாம்மா பண்றாங்க. நீங்க சொன்னது நல்லது. ஆனா அத வச்சி இப்ப நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"நான் கையெழுத்துப் போடுறேம்மா."

"அவர் நினைவோட தெளிவாப் பேசறாரு. அவர்தான் போடணும். நீங்க பேசிப் பாருங்க."

பேசிப் பார்த்தாள். கெஞ்சினாள், அழுதாள், பேரப் பிள்ளைகளைச் சொன்னாள். கடைசியில் அக்கம் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "அந்த நோட்டுல கீறதெல்லாம் நெஜமாயா? நாம ரெண்டு பேரும் பண்ண கூத்து ஒனக்குத் தெரியாதா?" என்று கேட்டேவிட்டாள். சீனுவாசன் அவளை உற்றுப் பார்த்தார். நாற்பத்தி மூன்று வருஷத்தில் அப்படி ஒரு பார்வையை அவள் பார்த்ததில்லை. "நீயும் அவங்களோட சேந்துக்கினியா?" என்றார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தெரிந்தேதான் மறைக்கிறாரா, நிஜமாகவே மறந்து போனாரா, அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பன்னிரண்டு மணிக்கு அமலா சிஸ்டர் வந்து இன்சுலின் ஊசியைப் போட்டாள். ஆச்சரியம், எதிர்ப்பே சொல்லாமல் கையை நீட்டினார். "அர மணி நேரத்துல சாப்ட்டுடணும் தாத்தா. ரெண்டு மணிக்கு சுகர் பாப்பேன்" என்றாள். சரி சரி என்று தலையாட்டினார். சாப்பாடு வந்ததும், அவரே கெங்கம்மாளைக் கூப்பிட்டு, "நீ போயி தேவாவுக்குப் போன் போடு. அவன் இன்னா சொல்றான்னு கேக்கலாம்" என்றார். கொஞ்சம் இறங்கி வந்துவிட்டார் என்று அவளுக்கு உயிர் வந்தது. வார்டுக்குள் சிக்னல் கிடைக்காது. ஜல்தியாகப் படி இறங்கி, மரத்தடியில் நின்றுகொண்டு மகனை அழைத்தாள்.

ஒரகடத்துக் கம்பெனியில் ஷிப்டில் இருந்த தேவா நாலாவது தடவைதான் எடுத்தான். விஷயத்தைக் கேட்டதும், "நான் கெளம்பி வர்றேம்மா. வர சாயங்காலம் ஆயிடும். அதுக்குள்ள எப்பிடியாவது அவரக் கையெழுத்துப் போட வையி" என்றான். எப்படியாவது! அந்த எப்படியாவது எப்படி என்றுதானே அவள் அவனைக் கேட்க வந்தாள்.

மேலே வந்தபோது சாப்பாட்டுத் தட்டு காலியாக இருந்தது. ரொம்ப சந்தோஷமாக அதை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள். தொட்டியின் பக்கத்துக் குப்பை வாளியில் சாம்பார் சாதம் அப்படியே கவிழ்ந்து கிடந்தது. பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி, "காலைல இட்லியும் எங்களுக்குத்தாங்கா குடுத்துட்டாரு. பசிக்கலன்னாரு" என்றாள். கெங்கம்மாள் ஓடி வந்து துணிப்பையைக் கொட்டினாள். வீட்டிலிருந்து எடுத்து வந்த சுகர் மாத்திரை அட்டையில் ரெண்டு குழி புதிதாகக் கிழிந்திருந்தது.

"அடப் பாவி மனுசா!"

அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நெற்றியிலிருந்து வேர்வை காதுக்குள் ஓடியது. விரல்கள் நடுங்கின. அவள் போட்ட சத்தத்தில் அமலா சிஸ்டர் ஓடி வந்து விரலைக் குத்திப் பார்த்தாள். மெஷினில் நாற்பத்தெட்டு. சீனுவாசன் கண்ணைச் சுருக்கி அதைப் படித்தார். படித்ததும், ஐயோ, அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. "பாத்தியா... கொறஞ்சிப் போச்சி பாரு... நோட்டுல எழுதச் சொல்லு" என்று நாக்குக் குழறச் சொன்னார். "டாக்டரம்மா வந்து பாக்கற வரைக்கும் இது ஏறக் கூடாது..."

"சுகரு ரொம்ப எறங்கிடுச்சி, உயிருக்கே ஆபத்து. நான் டிரிப் எடுத்துக்கினு வர்றேன், அதுக்குள்ள இதக் குடுங்க. சீக்கிரம்!" குளுக்கோஸ் தண்ணீர் டம்ளரை கெங்கம்மாள் கையில் திணித்துவிட்டு அமலா ஓடினாள்.

கெங்கம்மாள் ஒரு கையால் அவர் தலையைத் தூக்கி மார்போடு சாய்த்துக்கொண்டு, டம்ளரை உதட்டில் வைத்தாள். "குடியா. ஒரு வாயி குடியா. ஒன் காலப் பத்தி நான் பேசவே மாட்டேன், சாமி சத்தியமா, இத மட்டும் குடி."

அவர் அவளைப் பார்த்துக்கொண்டே உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டார். இனிப்புத் தண்ணீர் தாடையில் வழிந்து, கழுத்தில் இறங்கி, அவள் புடவையை நனைத்தது. அவள் மறுபடியும் டம்ளரைச் சாய்த்தாள். வேண்டாம் வேண்டாம் என்று அவர் தலை மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.