கடைசி வார்த்தைக்கு ஒரு கட்டம்

ஐந்தரைக்கு எழுந்தான். போர்வையை மடித்தான். பல் தேய்த்தான். முழங்கால் போட்டான். "ஆமென்" என்றான். எழுந்துவிட்டான். முழங்காலுக்கும் ஆமெனுக்கும் நடுவில் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு பெட்டி கட்டினான். அடியில் காலணி, காலணிக்குள் காலுறை, அதன்மேல் இரண்டு கால்சட்டை, நான்கு சட்டை, ஓரத்தில் மருந்துப் பை, எல்லாவற்றுக்கும் மேலே துண்டு. மூடினான். பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தான். கதவோரம் நிறுத்தினான். அறையில் நல்ல அலமாரி ஒன்று இருந்தது. அதில் ஒன்றுமில்லை.

அவன் எங்கும் போகப்போவதில்லை. ஊழியப் பயணம் முடிந்து எட்டு மாதமாகிவிட்டது. ஆனாலும் ஒரு வருடம் ஊர் ஊராகப் பெட்டி கட்டிய கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. சாயங்காலம் திறப்பான், காலையில் கட்டுவான்.

வெளியே வைத்திருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டான். அதன் இடது ஓரம் வலதைவிட ஒரு விரல் நீளமாகத் தொங்கியது. அவனுடைய எல்லாச் சட்டையும் அப்படித்தான்.

மாமியார் வீட்டு மாடியில்தான் அவன் குடியிருந்தான். கீழேயிருந்து வழக்கமான குரல் வந்தது.

"மாப்பிள்ளை! ரயில் எத்தனை மணிக்கு?"

"இன்னைக்கு ரயில் இல்லைங்க அத்தை."

"அப்ப வந்து காபி குடிச்சிட்டு, நிதானமா போகாம இருங்க."

எட்டு மாதமாக இதே கேள்வி, இதே பதில். அத்தைக்கு அலுக்கவில்லை. அவளுடைய மகளும் அப்படித்தான், ஒரு கிண்டல் பிடித்துவிட்டால் அது நூலாகும்வரை விடமாட்டாள்.

வார நாட்களில் அவன் தண்ணீர் பரிசோதனைக் கூடத்துக்குப் போவான். சீசாவில் தண்ணீர் வரும். அதில் என்ன இருக்கிறது என்று பார்த்துக் கட்டங்களில் எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லாததை எழுதினால் வேலை போய்விடும். இன்று ஞாயிற்றுக்கிழமை. இன்று இல்லாத ஒன்றை மரப்பலகையில் எழுதி, சபைச் சுவரில் திருகாணி போட்டு முடுக்கப்போகிறார்கள். அது அவனுக்குத் தெரியும். அவனுக்கும் அதை எழுதியவருக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

நடந்தது இதுதான். அவனும் மனைவியும் பன்னிரண்டு மாதம், மாதத்துக்கு ஓர் ஊர் என்று வெளிநாடுகளில் ஊழியம் செய்யக் கிளம்பினார்கள். பத்தாவது ஊரில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நெஞ்சில் சளி கட்டியது. நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். அங்கேயே அடக்கம் செய்தார்கள். மீதி இரண்டு ஊருக்கும் டிக்கெட் எடுத்திருந்தது. போக வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. போனான். அங்கே என்ன பேசினான் என்று கேட்டால் தெரியாது.

திரும்பி வந்ததும் போதகர் ஒரு படிவம் கொடுத்தார். மறைந்த ஊழியர்களைப் பற்றி ஜெபக் கடிதத்தில் போடுவதற்கான படிவம். பெயர், வயது, போன ஊர்கள், பாடிய பாடல்கள் எல்லாவற்றையும் நிரப்பினான். கடைசிக் கட்டம், 'கடைசி வார்த்தைகள்'. அதைக் காலியாக விட்டுவிட்டான்.

போதகர் நல்ல மனிதர். கோபம் வராது, யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். ஆனால் காலிக் கட்டத்தை மட்டும் அவரால் சகிக்க முடியாது. வருகைப் பதிவேட்டில் ஆள் வராத வாரத்துக்குக்கூட 'மழை' என்று எழுதிவைப்பார். படிவத்தைப் பார்த்தார், மனம் கேட்கவில்லை, பேனாவை எடுத்துவிட்டார். அடுத்த மாதக் கடிதத்தில் அவன் மனைவி இப்படிச் சொல்லியிருந்தாள்: "பரலோகத்தின் பொன் வாசல் திறக்கிறது, என் ஓட்டத்தை மகிழ்ச்சியோடு முடிக்கிறேன், நீங்களும் தயங்காமல் புறப்படுங்கள்."

அவன் மறுக்கவில்லை. மறுத்தால் 'அப்படியானால் என்னதான் சொன்னாள்' என்று அடுத்த கேள்வி வரும். அதோடு அத்தை அந்தக் கடிதத்தைக் கத்தரித்துத் தன் வேதாகமத்தில் வைத்திருந்தாள். அவளுக்கு அது ஆறுதல் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். அப்படி இருந்துவிட்டுப் போனது இப்போது பலகையாகிவிட்டது.

சபைக்குப் போனபோது பலகை பக்கச் சுவரோரம் மேசை விரிப்பால் மூடி வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் தச்சர் துளைபோடும் கருவியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

போதகர் ஓடி வந்தார். "தம்பி, பத்து நிமிஷம் சாட்சி சொல்லுங்க. ஒரு வருஷத்துல என்ன கத்துக்கிட்டீங்க, புதுசா போறவங்களுக்கு என்ன ஆலோசனை. கடைசியா நம்ம தங்கச்சியோட வார்த்தையை நீங்களே உங்க வாயால சொல்லுங்க. சொன்ன உடனே நான் துணியை எடுக்கிறேன், தச்சர் முடுக்கிடுவார்."

"நீங்களே படிச்சிடுங்களேன், ஐயா."

"நான் படிச்சா அது அறிவிப்பு. நீங்க சொன்னாத்தான் சாட்சி."

புதிதாகப் போகிறவர்கள் என்றால் ஒரு கணவன் மனைவி. கல்யாணமாகி ஆறு மாதம். அடுத்த மாதம் கிளம்ப வேண்டும். பாட்டுப் புத்தகங்கள் அடுக்கியிருக்கும் பின்னறையில் அந்தப் பெண் அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, ஒண்ணு கேட்கணும். தப்பா நினைக்காதீங்க. அக்கா நிஜமாவே அப்படிச் சொன்னாங்களா?"

"எதை?"

"பொன் வாசல்." அவள் கதவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "எனக்குப் பல் வலி வந்தாலே வீடே ரெண்டாகும், அண்ணா. போன வாரம் கட்டெறும்பு கடிச்சதுக்கு இவரை நான் என்னென்ன சொன்னேன்னு இவரைக் கேளுங்க. அந்த மாதிரி சாகத் தெரிஞ்சவங்கதான் போகணும்னா நான் போகலை. இன்னைக்கு ஆராதனை முடிஞ்சதும் சொல்லிடப் போறேன். நிஜமா, அக்கா சொன்னாங்களா?"

அவன் அவள் காலைப் பார்த்தான். "ஷூ வாங்கிட்டீங்களா?" என்றான்.

"என்ன?"

"கயிறு கட்டாத ஷூ வாங்குங்க." இதைச் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டான்.

பாட்டு முடிந்தது. அவனைக் கூப்பிட்டார்கள். மேடையில் ஏறி ஒலிவாங்கியைப் பார்த்தான். முன் வரிசையில் அத்தை. இரண்டாம் வரிசையில் அந்தப் பெண், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி, கிளம்பத் தயாராக இருப்பவளைப்போல.

"தங்கும் வசதி உண்டுன்னு கடிதத்துல எழுதியிருந்தா, கட்டில் உண்டான்னு தனியா கேளுங்க" என்று ஆரம்பித்தான். "முதல் ஊர்ல எங்களுக்கு டேபிள் டென்னிஸ் மேசை கொடுத்தாங்க. நடுவுல வலை இருந்தது. கழட்ட வரலை. அவ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். நான் குறட்டை விட்டா, உங்க பாயிண்ட்டுன்னு சொல்வா."

சபை சிரித்தது. அவன் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னான்.

"மொழிபெயர்ப்பாளரைக் கோவிச்சுக்காதீங்க. நான் பத்து நிமிஷம் பேசுவேன், அவர் மூணு வார்த்தையில முடிப்பார். அவ அவரையே பார்த்துட்டு இருந்தா. ராத்திரி சொன்னா, இப்படி ஒருத்தரைத்தான் தேடினேன், அவசரப்பட்டுட்டேன்னு."

அத்தை தலையாட்டினாள். "சொல்லியிருப்பா" என்றாள், பக்கத்திலிருந்தவளிடம்.

"ஏழாவது ஊர்ல ஒரு முதியோர் இல்லம். கூடம் நிறைய ஆளுங்க. பத்து மாசத்துல அவ்வளவு கூட்டம் எனக்கு வந்ததே இல்லை. ஒரு மணி நேரம் பேசினேன். யாரும் எழுந்து போகலை. முடிச்சதும் ஒருத்தர் கையைத் தூக்கினார். மனந்திரும்பிட்டார்னு நினைச்சேன். 'முடி வெட்டறவர் எப்ப வருவார்?' னு கேட்டார். அன்னைக்கு முடி வெட்டற நாள். எல்லாரும் அதுக்குத்தான் காத்திருந்தாங்க. அவர் வரவே இல்லை. அவ கத்தரிக்கோல் வாங்கி பதினோரு பேருக்கு வெட்டிவிட்டா. மறுபடி வாங்கன்னு எங்களைக் கூப்பிட்ட ஒரே இடம் அதுதான். எங்களைன்னா, அவளை."

ஆலோசனை பத்து நிமிடத்தைத் தாண்டியது. பதினைந்தைத் தொட்டது. விருந்தாளியாக ஒரு வீட்டில் எத்தனை நாள் தங்கலாம் என்பதிலிருந்து ஈரத் துண்டை எப்படி மடிப்பது என்பதற்கு வந்துவிட்டான். நிறுத்தினால் அடுத்தது அந்த வார்த்தை. போதகர் மேசை விரிப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, இதோ இதோ என்று நின்றார். தச்சர் எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்தார்.

"அதனால துண்டை ரெண்டா மடிச்சா காயாது, மூணா..."

"மாப்பிள்ளை" என்றாள் அத்தை. உட்கார்ந்த இடத்திலிருந்து, காபிக்குக் கூப்பிடும் அதே குரலில். "துண்டு காயட்டும். அவ என்ன சொன்னா?"

"அத்தை, கடிதத்துல..."

"கடிதத்தை நான் ஏழு மாசமா படிக்கிறேன். மனப்பாடம் ஆயிடுச்சு. அதுல ஒரு குத்தல்கூட இல்லையே. என் பொண்ணு சொன்னான்னு நான் எப்படி நம்புறது?"

போதகர் கையிலிருந்த துணி முனை நழுவியது. "அம்மா, அது வந்து, கட்டம் காலியா இருந்தது..."

"உங்களைக் கேட்கலை, ஐயா. நீங்க எழுதினது அழகா இருக்கு. உங்களுக்கே வச்சுக்குங்க, பின்னாடி உதவும்." அத்தை அவனைப் பார்த்தாள். "நானா கேட்கக் கூடாது, மாப்பிள்ளையே ஒருநாள் சொல்வார்னு காத்திருந்தேன். நீங்க தினம் பெட்டிதான் கட்டறீங்க. அவ சொன்னது உங்ககிட்ட மட்டும் இருக்கு. நீங்க சொல்லலைன்னா யார்கிட்டேயும் இல்லை."

தச்சர் கையை உயர்த்தினார். "இப்ப துளை போடவா வேண்டாமா?"

"உட்காருங்க" என்று நான்கு பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

அவன் சட்டையின் இடது ஓரத்தைத் தடவிப் பார்த்தான்.

"நான் நீளமா ஜெபம் பண்ணுவேன்" என்றான். "உங்களுக்கே தெரியும்."

தெரியும் என்பதாக ஒரு பெருமூச்சு கடைசி வரிசைவரை போனது.

"அவ பக்கத்துல நிற்பா. கண்ணை மூடிட்டு நான் போய்க்கிட்டே இருந்தா சட்டையை இழுப்பா. ஒரு இழுப்புன்னா சாப்பாடு ஆறுது. ரெண்டுன்னா ஜனங்க தூங்குறாங்க. மூணுன்னா பஸ் கிளம்புது. பத்து மாசமும் யாருக்கும் தெரியாது. எல்லாரும் நான் நேரம் தெரிஞ்ச ஆளுன்னு நினைச்சாங்க."

அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிப்பா வேறொன்றா என்று தெரியவில்லை.

"ஆஸ்பத்திரியில அன்னைக்கு மத்தியானம், கட்டிலோரம் முழங்கால் போட்டேன். இதுவரைக்கும் பண்ணாத மாதிரி ஒரு பெரிய ஜெபம். ஆதியிலிருந்து ஆரம்பிச்சேன். எல்லாரையும் பேர் சொல்லி வேண்டினேன், டாக்டர், நர்ஸ், பக்கத்துக் கட்டில்காரர், நம்ம சபைக் கட்டட நிதி. நடுவுல அவ ஒண்ணு சொன்னா. எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணைத் திறக்காமலே சிரிச்சேன். ஆனா நிறுத்தலை. இன்னும் ஏழெட்டு நிமிஷம் பண்ணியிருப்பேன். முடிச்சு ஆமென்னு சொன்னேன். பதிலுக்கு ஆமென் வரலை."

ஒலிவாங்கியிலிருந்து சற்று விலகினான். மறுபடி வந்தான்.

"ஊழியக்காரன் பொண்டாட்டி கடைசியா சொன்னது, ஜெபத்தை நிறுத்துங்கன்னு. நானும் நிறுத்தலை. இதை எப்படிக் கட்டத்துல எழுதறது? அதான் விட்டுட்டேன்."

இரண்டாம் வரிசைப் பெண் கைப்பையைக் கீழே வைத்துவிட்டாள். அது அவளுக்கே தெரிந்திருக்காது. முன்னிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"நிறுத்துங்கன்னா?" என்றாள் அத்தை. "அவ அப்படி மொட்டையா சொல்ல மாட்டாளே. அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க."

"சொல்றேன், அத்தை. ஒரு கையில ஊசி குத்தி, அசையக் கூடாதுன்னு அட்டை வச்சுக் கட்டியிருந்தாங்க. இன்னொரு கையை நீட்டிப் பார்த்திருக்கா போல. போர்வை அசைஞ்சது எனக்குக் கேட்டது. அப்புறம் சொன்னா."

போதகர் ஜேபியிலிருந்து பேனாவை எடுத்திருந்தார். இந்தத் தடவை அவர் காத்திருந்தார்.

"என்னங்க, எனக்குக் கை எட்டலை. நீங்களே கொஞ்சம் உங்க சட்டையை இழுத்துக்குங்க."