புளியாரைச் சின்னம்

பக்கத்து அறையில் அம்மாவின் சவப்பெட்டி முன் பிக்கு சூத்திரம் ஓதி முடிப்பதற்குள் ஷிகே பாதித் தையலைப் பிரித்துவிட்டாள்.

மடியில் கிடந்தது, தம்பி மசாரு பிறந்தபோது ஏற்றிய கொடி. பேயோட்டி ஷோகி வாளை உருவி நிற்பார்; காலடியில் பேய் நசுங்கிக் கிடக்கும். ஆண் குழந்தையை நோய்நொடி அண்டக்கூடாதென்று, சாயக்காரரான தாத்தா தன் கையால் வரைந்து மகளுக்கு அனுப்பிய சீர். “பாவம், அந்தப் பேயோட முகத்தைத்தான் எங்கப்பா ஆசையா வரைஞ்சிருக்கார்” என்பாள் அம்மா.

கொடியின் உச்சியில் இரண்டு குலச்சின்னங்கள். அப்பா வீட்டுப் பருந்திறகு. அம்மா வீட்டுப் புளியாரை இலை. ஒருமுறை அடி தாங்காமல் அம்மா பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். திரும்பி வந்த அன்றே, புளியாரை மேல் கருப்புத் துணி வைத்து அவள் கையாலேயே தைக்கச் சொன்னார் அப்பா. அதற்கப்புறம் ஒவ்வொரு மே மாதமும் ஆண்பிள்ளைகள் திருநாளில் அந்த ஒட்டோடுதான் கொடி ஊரெல்லாம் பார்க்கப் பறந்தது.

“யாருடி உன்னைப் பிரிக்கச் சொன்னது?”

அப்பா கதவருகே நின்றிருந்தார்.

“அம்மாதான். சவப்பெட்டி மேல இதைப் போர்த்தணும்னு சொன்னா. வாய் குழறும்போதும் அதையே சொன்னா.”

“ஆம்பளப் புள்ளைக்கு ஏத்தற கொடியப் பொணத்து மேல போடுவாங்களா? அடுத்த மாசம் மசாரு பையனுக்கு ஏத்தணும்.”

“அவ அப்பா குடுத்ததுப்பா.”

“இந்த வீட்டுக்குக் குடுத்தது.”

பிடுங்கிச் சுருட்டினார். பாதி பிரிந்த ஒட்டுத்துணி நாக்குப்போல் தொங்கியது.

அம்மாவின் தம்பி எய்சாகு மாமாவைச் செருப்பு வைக்கும் இடத்தருகே உட்கார வைத்திருந்தார்கள். அவர் எழுந்து வந்தார்.

“உங்க கொடி உங்களுக்கே இருக்கட்டும், மச்சான்.”

தன் கருப்புப் பட்டு மேலங்கியைக் கழற்றி, முதுகுப்பக்கம் மேலே தெரிய, பெட்டியின் மேல் விரித்தார். முதுகின் நடுவில் வெள்ளையாகப் புளியாரை.

அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மழை வர்ற மாதிரி இருக்கு. தூக்குங்க” என்றார்.

மின்தகனம் வந்திராத அந்த ஊர்ச் சுடுகாட்டில், உலைக்குள் தள்ளுமுன் பணியாள் மேலங்கியை எடுத்து மடித்தான். சாவு வீட்டுத் தலைவர் யாரென்று பார்த்து, குனிந்து வணங்கி, இரண்டு கைகளாலும் அப்பாவிடம் நீட்டினான். அத்தனை பேர் பார்க்க மறுக்க முடியாது. வாங்கிக்கொண்டார்.

எலும்பு பொறுக்கக் கூப்பிடும் வரை எல்லோரும் பெஞ்சில் காத்திருந்தார்கள். ஷிகே தேநீர் ஊற்றினாள். அப்பாவின் மடியில் புளியாரை மேலே பார்த்தபடி கிடந்தது. எதிரே, மெல்லிய உடையில் குளிரில் உட்கார்ந்திருந்த மாமா, அதைத் திருப்பிக் கேட்கவே இல்லை.