வேற்று மண்

அகழாய்வில் கிடைத்த உடைசல்களை ஒட்டிச் சேர்த்த கிண்ணத்தின் விளிம்பில் இருந்த ஒரு சில்லு வேறு பாத்திரத்தினுடையது என்று எக்ஸ்-கதிர்க் கருவி காட்டியது. மீண்டும் அளந்தேன். அதையே காட்டியது. சுரண்டாமல், துளையிடாமல், களிமண்ணில் கலந்திருக்கும் உலோகங்களைச் சொல்லிவிடுகிற கருவி அது. மற்ற சில்லுகள் எல்லாம் ஒரே மண். இதன் நிறமும் வளைவும் அச்சு அசலாகப் பொருந்தியிருந்தன. மண் மட்டும் பொருந்தவில்லை.

கிண்ணத்தை ஒட்டியவள் என் மனைவி. அவள் முடித்த கடைசி வேலை அது. போன மாதம் இறந்துபோனாள். அன்றும் சரி, அதற்குப் பிறகும் சரி, எனக்கு அழுகை வரவில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன், வேலைக்கு வந்தேன்.

கிண்ணத்தைச் சுழல்மேடையில் வைத்துப் படமெடுத்து, அதன் முப்பரிமாண உருவைக் கணினியில் கட்டுகிறவன் அவளுடைய தம்பி. "மாமாவையும் ஒரு தடவை ஸ்கேன் பண்ணிப் பாக்கணும், உள்ள என்ன மண்ணுன்னே தெரியல" என்று அவன் யாரிடமோ சொன்னது என் காதுக்கும் வந்திருந்தது.

வேற்றுச் சில்லு உறுதியானால் பசையைக் கரைத்து அதைப் பிரித்துவிட வேண்டும். ஆய்வகத்தின் விதி அது. அவனுக்கும் தெரியும். திரையைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"கருவிய ரெண்டு விரல் தள்ளி, பக்கத்துச் சில்லு மேல வெச்சு அளங்க மாமா. சட்டி என்ன, சாட்சி சொல்லவா போகுது?"

"உங்க அக்கா இருந்திருந்தா?"

அவள் இருந்திருந்தால் கருவியை என் கையிலிருந்து பிடுங்கித் தானே அளந்திருப்பாள். முடிவை உள்ளபடியே பதிந்தேன்.

பிரிப்பதற்கு முன் பசை பரவியிருக்கும் இடங்களைப் புற ஊதா ஒளியில் படமெடுக்க வேண்டும். அறையை இருட்டாக்கினான். இணைப்புகள் வெளிர்நீலக் கோடுகளாக ஒளிர்ந்தன. அந்தச் சில்லின் உட்புறத்தில் மட்டும் பசை சற்றே வழிந்து உறைந்திருந்தது. அதில் ஒரு பெருவிரல் ரேகை. ரேகையைக் குறுக்கே வெட்டிய, அவளுடைய பழைய தழும்பு.

கையுறை இல்லாமல் எதைத் தொட்டாலும் எங்களை உண்டு இல்லை என்று ஆக்குகிறவள். விளிம்பு பொருந்துகிறதா என்று தடவிப் பார்க்க, இந்தச் சில்லுக்காக மட்டும் கையுறையைக் கழற்றியிருக்கிறாள். தொட்டுப் பார்த்தும் ஏமாந்திருக்கிறாள்.

அவன் ஒரு படம் எடுத்தான். பிறகு விளக்கை நகர்த்தி இன்னொன்று. படக்குறிப்பு என்ன எழுதுவது என்று கேட்டான். அளவுகோலை ரேகையின் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். "பிற்காலத் தடயம், ஒட்டியவருடையது" என்று அவன் தட்டச்சு செய்ததை நானே சரிபார்த்தேன்.

மறுநாள் காலை கிண்ணத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, பக்கத்தில் சிறு தட்டில் அசிட்டோன் ஊற்றி மூடினோம். ஆவியில் பசை மெல்ல இளகியது. அவன் பெட்டிக்கு அந்தப்புறம் நின்று தேம்பிக்கொண்டிருந்தான். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஆனால் மூடியைத் திறக்கும் நேரமாகிவிட்டது. சில்லு நழுவாமல் பிடிக்க ஆள் வேண்டும்.

கையுறையோடு பிடித்தேன். எந்தத் தடையும் இல்லாமல் கழன்று வந்தது. உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தேன். பசை கலங்கி, ரேகை இருந்த இடம் வெறுமனே பளபளத்தது.

"மிச்சப் பசையத் துடைக்கணும், பஞ்சு எடுப்பா" என்றேன்.