கத்திரிக்காய் நறுக்கிய கிரகணம்

எனக்குப் பொறுமை கிடையாது. என் மாமியாரைக் கேட்டால் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். அப்படிப்பட்டவளை ஏழு மாத வயிற்றோடு, காலை ஏழரை மணிக்கே, நெல் மூட்டை அடுக்கிய உள்ளறையில் விட்டு வெளியே பூட்டுப் போட்டால் எப்படி இருக்கும்? அதுவும் எதற்காக? ஊரே வாசலில் நின்று சூரியனை அண்ணாந்து பார்க்கப் போகிற நாளில், நான் ஒருத்தி மட்டும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக.

இரண்டாயிரத்துப் பத்தொன்பது டிசம்பர் இருபத்தாறு, மார்கழி அமாவாசை. எங்கள் உத்திரமேரூர்ப் பக்கம் சூரியன் முக்கால்வாசிக்கு மேல் மறையும் என்று ஒரு வாரமாக டிவியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நானும் என் நாத்தனார் வளர்மதியும் ஒரே தையல் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். ஐந்தாம் மாதம் வரைக்கும் நானும் போனேன். அங்கே எங்களோடு காலர் தைக்கிற வகிதா, பஜாரில் கடை வைத்திருக்கும் தன் அண்ணனிடம் சொல்லி நாலு கிரகணக் கண்ணாடி வாங்கி வைத்திருந்தாள். ஒன்றில் கீர்த்தி என்று என் பேரே எழுதியிருந்தது. அதைப் போட்டுக்கொண்டு ட்யூப் லைட்டைப் பார்த்தேன். கும்மிருட்டு. இதற்குள் சூரியன் மட்டும் எப்படித் தெரியும் என்ற யோசனையிலேயே மூன்று நாள் போயிற்று.

"அத்த, ஒரே ஒரு நிமிசம் பாத்துட்டு வந்துடறேன்" என்று காலையில் கெஞ்சினேன்.

"அய்ய, வாய மூடு. வயித்துல புள்ளய வச்சிக்கினு பேசற பேச்சா இது?"

"உதடு, மூக்கு, வெரலு எல்லாம் நல்லா கீதுன்னு ஸ்கேன் பாத்து டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க இல்ல?"

"ஸ்கேன் எடுத்தது அஞ்சாம் மாசம். கிரகணம் இன்னிக்கு."

என் புருசன் அரவிந்தன் இருந்தாலாவது எனக்காக ஒரு வார்த்தை பேசியிருப்பார். அவர் விடிவதற்கு முன்பே லோடு ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டுக்குப் போய்விட்டார்.

நான் உதட்டைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. வளர்மதி பிறக்கும்போதே மேலுதடு பிளந்து பிறந்தவள். சின்ன வயதிலேயே ஆபரேஷன் செய்து தைத்துவிட்டார்கள், தழும்பு மட்டும் இருக்கிறது. அத்தை அவளைச் சுமந்திருந்தபோது, தொண்ணூற்றைந்தில், தீபாவளிக்கு மறுநாள் சூரிய கிரகணம் வந்தது. அந்த நேரத்தில் அத்தை கத்திரிக்காய் நறுக்கினார், அதனால்தான் பிள்ளைக்கு உதடு அறுபட்டது. எங்கள் தெருவில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் இந்தக் கதை தெரியும். அன்றிலிருந்து அத்தை கத்திரிக்காயைக் கையால் தொடுவதில்லை. வளர்மதி அதை வாயில் வைப்பதில்லை. கோபம் வந்தால், "போ, போயி கத்திரிக்கா நறுக்கு" என்பாள். அத்தை அதோடு அன்றைக்கெல்லாம் பேசமாட்டார். இந்த வருசம் மட்டும் இரண்டு மாப்பிள்ளை வீட்டார் வந்து, தழும்பைப் பார்த்து, காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் பயம் இருந்தது. இரண்டும் எப்படி ஒன்றாக இருக்கும் என்று கேட்காதீர்கள், இருந்தது. பார்க்க வேண்டும் என்ற ஆசை மட்டும் பயத்தைவிட ஒரு விரற்கடை கூடுதலாக இருந்தது.

எட்டு மணிக்கு மேல் வாசலில் சத்தம் கூடியது. பக்கத்து வீட்டு எல்லம்மாள் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்திக்கொண்டிருந்தாள். கிரகணம் பிடித்ததும் உலக்கை தானாக நிற்குமாம், விட்டதும் விழுமாம். "நிக்குது பாரு! நிக்குது பாரு!" என்று அவள் கத்துவது உள்ளே வரை கேட்டது. "கடிச்ச பிஸ்கெட்டு மாதிரி கீதுடி!" இது, கிரகணம் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்திருந்த வகிதா.

"அண்ணி, தெரியுது!" என்று கதவோரம் வந்து வளர்மதி சொன்னாள்.

"எப்படிக் கீது, கொஞ்சம் வெளக்கமா சொல்லேன்டி!"

"வெளக்கமா இன்னா சொல்றது? ஒரு பக்கம் மஞ்ச, ஒரு பக்கம் கறுப்பு. அவ்ளோதான்."

இவளை நம்பி ஒரு கல்யாணத்துக்குக்கூட அனுப்ப முடியாது. தாலி கட்டினார்கள், சோறு போட்டார்கள் என்று வந்து சொல்வாள். எரிச்சலோடு மூட்டைமேல் சாய்ந்தேன். பசி வேறு. ஐந்து மணிக்குக் குடித்த காபியோடு சரி, கிரகணம் விடும்வரை நாஷ்டா கிடையாது.

அப்போதுதான் சுவரைப் பார்த்தேன்.

அந்த அறைக்கு மேலே தகர ஷீட். பழைய ரைஸ் மில் ஒன்றைப் பிரித்தபோது மாமனார் மலிவாக வாங்கிப் போட்டது. பழைய ஆணி ஓட்டைகள் நிறைய. மழை பெய்தால் கீழே கிண்ணம் வைப்பதே என் வேலை. தினமும் காலையில் அந்த ஓட்டைகள் வழியாகச் சுவரிலும் மூட்டையிலும் வட்ட வட்டமாக வெளிச்சப் பொட்டு விழும். அன்றைக்கு ஒன்றுகூட வட்டமாக இல்லை. எல்லாமே பிறை. சுவரில் பத்துப் பன்னிரண்டு, மூட்டைமேல் ஆறேழு, எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு.

எழுந்து நின்று ஓட்டைகளைப் பார்த்தேன். ஒன்று நீளம், ஒன்று சப்பட்டை, ஒன்று கிழிந்தே போயிருந்தது. ஓட்டை ஆளுக்கொரு மாதிரி இருக்கும்போது பொட்டு மட்டும் எப்படி ஒரே மாதிரி? ஓர் ஓட்டையின் நேரே கையை நீட்டினேன். பிறை உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. அப்படியென்றால் இது ஓட்டையின் உருவம் இல்லை. இது சூரியன்தான்! எந்தச் சூரியனைப் பார்க்கக் கூடாது என்று என்னைப் பூட்டினார்களோ, அதே சூரியன் இருபது துண்டாக உள்ளே வந்திருந்தது. குனிந்தால் என் வயிற்றின்மேல், நைட்டியில், இரண்டு பிறை.

"அத்த!" என்று கத்திவிட்டேன். சந்தோஷமா, பயமா என்று எனக்கே தெரியவில்லை.

பூட்டுத் திறக்கும் சத்தம் கேட்டது. அத்தை தலைவிரி கோலமாக ஓடிவந்து கதவைச் சாத்தினார். "இன்னாம்மா? வலிக்குதா?" என்றவர் என் வயிற்றைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். பிறகு முந்தானையை எடுத்து அந்தப் பிறைகளைத் துடைத்தார். உண்மையாகவே, குழம்பு சிந்தினால் துடைப்போமே, அப்படி. துடைக்கத் துடைக்க அவை அவர் கைமேல் ஏறிக்கொண்டன.

"துடைச்சா போகாது அத்த. வெறும் வெளிச்சம். சூரியன் தெரியுது."

"இதுவா சூரியன்? இத்தினிக்கோண்டா?" என்று தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மெல்ல என் பக்கத்தில் மூட்டைமேல் உட்கார்ந்தார். பயம் போய் அவர் முகத்தில் வேறு ஏதோ வந்திருந்தது.

"அன்னிக்கும் இதே எடத்துலதான் கெடந்தேன். அப்போ ஓலக் கூர. ஒண்ணும் தெரியல" என்றார்.

"இங்கயா? அப்போ கத்திரிக்கா?"

"இன்னா கத்திரிக்கா. பச்சத் தண்ணி குடிக்கல நான். எல்லாரும் திருமுக்கூடல் ஆத்துக்கு முழுவப் போய்ட்டாங்க. ஒண்டியாப் படுத்துக் கெடந்தேன், பெரளக்கூட இல்ல. ஆனா பாத்தவங்க யாரு கீறாங்க?"

நான் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"புள்ள பொறந்தன்னிக்கே, கிரகணத்துல இன்னா பண்ணன்னு ஆளாளுக்குக் கேட்டாங்க. ஒண்ணும் பண்ணலன்னேன். அப்போ ரத்தத்துல கீற கோளாறுன்னாங்க. ரத்தம்னா நாளைக்கு அவளுக்குப் பொறக்கறதுக்கும் வரும்னு பேசுவாங்க இல்ல? எவன் கட்டுவான் அவள? அதான் நறுக்கினேன்னு சொல்லிட்டேன். அத்தோட வாய மூடிக்கினாங்க."

"கத்திரிக்கான்னு ஏன் சொன்னீங்க?"

"அன்னிக்கு வூட்ல அதான் இருந்துச்சு."

"வளர்மதிகிட்டயாவது சொல்லியிருக்கலாமே அத்த."

"சின்னப் புள்ளயா இருக்கசொல்ல, வெளிய ஒளறிடுவாளோன்னு பயம். பெருசானப்புறம் சொல்ல வாய் வரல." பிறகு என் முழங்கையைப் பிடித்தார். "உன்ன ஏன் பூட்டினேன்னு நெனக்கிற? கீர்த்தி வெளிய வரலன்னு தெருவே பாத்துச்சு. நாளைக்கு எது ஆனாலும் உன்ன ஒருத்தி கேள்வி கேக்க முடியாது."

ஏழரை மணியிலிருந்து மனசுக்குள் நான் அவரைத் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சம் இல்லை. வெட்கமாக இருந்தது, அழுதுவிட்டேன்.

"அக்கா! பூட்டு தெறந்து கீதே!" என்று வெளியிலிருந்து எல்லம்மாள் குரல். கதவைத் தள்ளிக்கொண்டு வந்தேவிட்டாள். பின்னால் வளர்மதியும் வகிதாவும். எல்லம்மாள் என் வயிற்றைப் பார்த்து மாரில் கை வைத்துக்கொண்டாள். "அய்யய்யோ, மேலயே பட்டுகீது! ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நீதாம்மா கீர்த்தி பதில் சொல்லணும். அன்னிக்கு உங்க அத்த, இன்னிக்கு நீ!"

அத்தை எழுந்தார். "எல்லம்மா, நிறுத்து. அன்னிக்கு நான் எதையும் நறுக்கல."

"இன்னாக்கா சொல்ற? நீதான சொன்ன?"

"சொன்னேன். பொய் சொன்னேன். அன்னிக்கு ஏதோ ஒரு பழி வேணும்னு கேட்டீங்க, என் தலைல போட்டுக்கினேன். இன்னிக்கு இவ தலைல போட வுட மாட்டேன்."

வளர்மதி கையில் கண்ணாடியோடு நின்றாள். அவள் கன்னத்திலும் ஒரு பிறை விழுந்திருந்தது, அவளுக்குத் தெரியாது.

"அப்போ எனக்கு ஏம்மா இப்படி?" என்றாள்.

"தெரியலடி. யார் மேலயும் தப்பு இல்ல. பொறக்கறது சிலது அப்படிப் பொறக்குது."

"நான் உன்ன இன்னா இன்னா பேசியிருக்கேன். ஒரு நாளாவது சொன்னியா நீ?"

கத்திவிட்டு வெளியே போனாள். போன வேகத்தில் கால் பட்டு எல்லம்மாளின் உலக்கை டமாலென்று விழுந்தது. கிரகணம் விட இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. எல்லம்மாள் அலறிக்கொண்டு தாம்பாளத்தைப் பார்க்க ஓடினாள். வகிதா தயங்கித் தயங்கி என் கண்ணாடியை நீட்டினாள். "எங்க வூட்லயும் வயித்துப்புள்ளக்காரிய வெளிய வுட மாட்டாங்க அக்கா. ஆனா இப்ப வரியா, பாக்கறியா?"

எவ்வளவு ஆசைப்பட்டேன்! ஆனால் அத்தை திரும்பவும் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டிருந்தார். நானும் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். பிறைகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பருத்து மறுபடியும் வட்டமாகும்வரை இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "அது பெருசாயிடுச்சு பாரு, இது பெருசாயிடுச்சு பாரு" என்று நடுநடுவே அத்தைதான் காட்டினார்.

வீடு கழுவி, குளித்து முடித்தபோது மணி பன்னிரண்டரை. வளர்மதி எங்கேயோ போய்விட்டு வந்தாள், கண் சிவந்திருந்தது. ஒரு பையைக் கூடத்தில் கவிழ்த்தாள். அரைக் கிலோ கத்திரிக்காய் உருண்டது. அரிவாள்மணையை அம்மாவின் முன்னால் வைத்தாள்.

"நறுக்கு" என்றாள்.

"வேணாண்டி."

"நறுக்கு, நான் பாக்கணும்."

அத்தை உட்கார்ந்தார். முதல் காயை நறுக்கினார். துண்டு ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. "பழக்கம் வுட்டுப் போச்சு" என்றார். கண்ணைத் துடைக்கப் புறங்கையைத் தூக்கியபோது மகளும் எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்து காம்பு கிள்ளிக் கொடுக்க ஆரம்பித்தாள்.

குழம்பு கொதித்ததும், முதல் துண்டை வளர்மதிதான் எடுத்தாள். நாங்கள் இரண்டு பேரும் அவள் வாயையே பார்த்தோம். மென்றாள், விழுங்கினாள், அம்மாவைப் பார்த்தாள்.

"இவ்ளோதானா இது?" என்றாள்.