மருதமரத்துக்குப் போட்ட பாலம்

தையல்காரருக்கு ஒட்டுப்போட்ட துணி என்றாலே ஆகாது. சட்டையோ திரைச்சீலையோ, ஒரே துண்டில் வெட்டினால்தான் மனுஷனுக்குத் தூக்கம் வரும். அந்தப் புத்தி மருதமரத்திடமும் வேலையைக் காட்டிவிட்டது.

மனைவிக்கு இதய ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம். மாத்திரையோடு மருதம்பட்டையைப் பாலில் காய்ச்சிக் கொடுக்கலாம் என்றார் வைத்தியர். ஆபரேஷன் செய்த டாக்டரும் சரி என்றார். மரம் கடைக்குப் பின்னாலேயே நின்றது. "ஒரு பக்கமா உள்ளங்கை அகலம் எடுங்க, போதும்" என்று வைத்தியர் படித்துப் படித்துச் சொன்னார். இவர் கேட்டால்தானே! டேப்பைச் சுற்றி அளந்து, ஒரு சாண் உயரத்துக்கு, முழுச் சுற்றையும் ஒரே துண்டாகக் கட்டை தெரிய உரித்துவிட்டார்.

பார்க்க வந்த வைத்தியர் தலையில் அடித்துக்கொண்டார். "அடப்பாவி மனுஷா! இலை சமைக்கிற சாப்பாடு பட்டை வழியாத்தான் வேருக்கு இறங்குது. சுத்தி அறுத்தா வேர் பட்டினி. மரம் செத்துரும்யா!"

மனைவி டம்ளரைத் தள்ளி வைத்தாள். "ஒரு உசுரைக் கொன்னு எனக்கு மருந்தா? அது பிழைக்கிற வரைக்கும் இதைத் தொட மாட்டேன்."

தையல்காரர் மரத்தடியில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

மனைவி மரத்தைச் சுற்றி வந்தாள். கெண்டைக்காலில் இருந்த நீளத் தழும்பைத் தடவினாள். "ஏங்க, என் கால் ரத்தக்குழாயை எடுத்துத்தானே நெஞ்சுல பாலம் போட்டாங்க? இதோட கிளையை எடுத்து இதுக்கே போட்டா என்ன?"

வைத்தியர் குனிந்து காயத்தின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் தொட்டுப் பார்த்தார். "மரத்துக்கும் இப்படிச் செய்றது உண்டும்மா. எனக்குத் தோணலையே!"

தையல்காரர் பதினொரு இளங்குச்சிகளை வெட்டினார். முனைகளைச் சீவி, காயத்துக்கு மேலே ஒரு முனை, கீழே ஒரு முனை என்று பட்டைக்குள் செருகி, களிமண் பூசித் துணியால் இறுக்கினார். தினமும் கடை திறக்குமுன் அண்ணாந்து பார்ப்பார். பழுத்து விழுந்த இலைகளை ஒவ்வொன்றாக எண்ணுவார்.

நான்காம் மாதம் உச்சியில் தளிர் விட்டது. துணிக்கட்டை அவிழ்த்தார்கள். நான்கு குச்சிகள் காய்ந்திருந்தன. மற்ற ஏழும் விரல் கனத்துக்குப் பருத்து, மரத்தோடு மரமாகப் பிடித்திருந்தன. நகத்தால் கீறினால் பச்சை!

"அம்மாடியோவ்!" என்றார் தையல்காரர். கண்ணெதிரே நடந்ததை நம்பவே முடியவில்லை அவரால். மனைவி ஒரு கையை அந்தக் குச்சியிலும் ஒரு கையைத் தன் நெஞ்சிலும் வைத்துப் பார்த்தாள்.

"பாலை அடுப்புல வைங்க" என்றாள்.

மரத்தடியிலேயே குடித்தாள்.

"துவர்க்குதா?"

"துவர்க்கத்தான் செய்யுது. மிச்சத்தையும் ஊத்துங்க."