கையைத் தூக்கினால்தான் கணக்கு

1

இந்தக் கதை பெருமையில் பிறந்தது. அனுதாபத்தில் பிறந்திருக்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் இந்த ஸ்டாப்பிலேயே இறங்கிக்கொள்ளலாம். என் மனைவி சொர்ணவல்லி கீரமங்கலத்தில் ஒரு பூக் கமிஷன் கடையில் ஏலம் கூறுகிறாள். அவளுக்கு மனச்சிதைவு நோய் இருக்கிறது. மாத்திரை சாப்பிடுகிறாள். குரல்கள் குறைந்திருக்கின்றன, போய்விடவில்லை. கடையில் யாருக்கும் இது தெரியாது.

2

முதல் தொடக்கம்: 'சொர்ணவல்லி பஸ்ஸிலிருந்து இறங்குகிறாள். முந்தானையைச் செருகுகிறாள். எல்லாரும் தன்னைப் பார்ப்பதை

(இது இப்படியே நிற்கட்டும். அவள் என்னை முடிக்கவிடவில்லை.)

"இப்படித்தாங்க அந்தக் கொரலும் பேசும்," என்று தாளைத் தள்ளிவைத்தாள். "இந்தா எறங்குறா, இந்தா செருகுறான்னு நான் செய்யிறதை எனக்கே சொல்லிக்கிட்டு வரும்."

"மனசுக்குள்ளயா?"

"இல்லைங்க, காதுல. இப்ப நீங்க பேசுறது கேக்குதுல்ல, அதே மாதிரி. நீங்களும் கூடவே வராதீங்க. நடந்து முடிஞ்சதை எழுதுங்க."

கதாசிரியன் என்ற என் கர்வம் அங்கேயே கொஞ்சம் உட்கார்ந்துவிட்டது.

3

இரண்டாவது தொடக்கம்: 'மருட்சி என்பது மூளையில் ஏற்படும்' [அடித்துவிட்டேன். எனக்கே கொட்டாவி வந்தது.]

இல்லாததை உண்டென்று நம்பும் அந்த மருட்சி எப்படி இருந்தது என்று அவளிடமே கேட்டேன். நோய் முற்றியிருந்த நாட்களில், வியாபாரிகள் பூ வாங்குவதே தன்னைப் பற்றி ஒருவருக்கொருவர் சேதி சொல்லத்தான் என்று நம்பினாள். மல்லிகைக்கு ஒரு சேதி, சம்பங்கிக்கு வேறொன்று.

"பொய்யா இருக்குமோன்னு ஒரு நாளாச்சும் தோணலையா?"

"ஒங்க பேரு ஆத்மநாதன்னு ஒங்களுக்குத் தெரியும்ல? யாராச்சும் இல்லைன்னா நம்புவீங்களா? எனக்கு அது அப்படித் தெரிஞ்சிச்சு. நீங்க எல்லாரும் இல்லைன்னீங்க. எல்லாரும் ஒண்ணு சேந்துட்டாங்கன்னு நெனச்சேன்."

இதற்கு மேல் தெளிவாக எழுத எனக்கு வராது.

4

ஏலத்தின் நடுவே குரல் வந்தால்? வரும். யாரும் கேட்காத விலையை அது கேட்கும். அதற்காக அவள் ஒரு சட்டம் வைத்தாள்: கையைத் தூக்கிக் கேட்டால்தான் கணக்கு. சரியான கறார் பேர்வழி என்று கடையில் நினைத்துக்கொண்டார்கள்.

போன முகூர்த்தத்தன்று நான் ஓரமாக நின்றிருந்தேன். முல்லை ஏலத்தில் பெரிய வியாபாரி இன்னாசி கூட்டத்துக்குப் பின்னாலிருந்து விலையை ஏற்றிக் கேட்டார். எனக்கே தெளிவாகக் கேட்டது. ஆனால் கை தூக்கவில்லை. அவள் பழைய விலையிலேயே "ஒரு தரம், ரெண்டு தரம்" என்றாள்.

"ஏம்மா, காது கேக்கலையா?" என்றார் இன்னாசி. முதலாளி பல்லைக் கடித்தார்.

"காது நல்லாவே கேக்குதுங்க. கைதான் தெரியல."

இன்னாசி முறைத்தார். பிறகு கையைத் தூக்கினார். எனக்கு நெஞ்சு விம்மியது. சொல்வதில் வெட்கமில்லை.

5

முடிவுகள். ஒன்று, குரல்கள் அடியோடு நின்றுவிடுகின்றன. "பொய் எழுதாதீங்க," என்றாள். இரண்டு, பெயரையும் ஊரையும் மாற்றி...

"யாருக்குப் பயந்து மாத்துறீங்க? எம் பேரையே போடுங்க. கடையில எல்லாரும் படிக்கட்டும்."

"வேலை போயிட்டா?"

"போகுமா போகாதான்னு நீங்க எழுதாதீங்க. அது ஒங்க கையில இல்ல."

ஆகவே எதையும் மாற்றவில்லை. இன்னாசியும் முதலாளியும் இதைப் படிக்கலாம். விடிந்ததும் அவள் வழக்கம்போலப் பூக்குவியலுக்கு முன்னால் போய் நிற்பாள். தெரிந்த பிறகும் அவளே ஏலம் கூறட்டும் என்கிறீர்களா?

ஒரு தரம். இரண்டு தரம்.

வாயால் சொன்னால் அவளிடம் செல்லாது. கையைத் தூக்குங்கள்.