ஒரு மூடி மருந்து

பேகம்பூரில் காதர் பீவியின் வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து சத்யபிரியாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாற்காலி போட்டார்கள், உட்காரவில்லை. கொடுத்த டீ ஆறிப்போனது. காதர் பீவியின் பத்து விரலிலும் தோல் வெங்காயச் சருகாக உரிந்து கிடந்தது.

"ரேஷன் கடையில விரல வெச்சா மிஷின் எடுக்க மாட்டேங்குதும்மா. ரெண்டு மாசமா அரிசி வாங்கல" என்றார் பீவி.

இருபது வருடமாகப் பூ கட்டுகிற கை. மல்லிகை மொட்டு சட்டென்று விரியாமல் இருக்க சத்யபிரியா ஒரு மருந்து கண்டுபிடித்திருந்தாள். அதில் நனைத்தெடுத்த பூதான் இப்போது பீவிக்குக் கட்ட வருகிறது.

"அளவாக் கலந்தா ஒண்ணும் ஆகாதுக்கா. என் கையிலயே போட்டுப் பாத்தேன்" என்றாள். சொன்னது அவள் காதுக்கே நன்றாக இல்லை.

அரிவாள் அடித்த கொல்லனையா ஜெயிலில் போடுகிறார்கள்? காலையிலிருந்து இதைத்தான் மனதுக்குள் உருப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் வேலை பார்க்கும் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநரும் போனில் அதையே வேறு மாதிரி சொல்லியிருந்தார். "மருந்தைக் கம்பெனிக்குக் கொடுத்தாச்சு, அதோட நம்ம பொறுப்பு முடிஞ்சுது. இனிமே நீங்க வாயைத் திறந்தா உங்க அடுத்த ப்ராஜெக்ட் அவ்வளவுதான்."

ஆனாலும் கால் நிற்கவில்லை. பீவிக்குப் பூ கொடுக்கும் சகாயராஜின் கடைக்கு, பூ மார்க்கெட்டுக்கு, ஆட்டோ பிடித்தாள்.

"யாரு உங்களுக்கு அளவில்லாம கலக்கச் சொல்லிக் கொடுத்தது?" என்று போனதும் போகாததுமாகச் சண்டைக்கு நின்றாள்.

"நீங்கதான் மேடம்" என்று சகாயராஜ் செல்போனை நீட்டினான். போன வருடம் சாணார்பட்டி விவசாயிகள் கூட்டத்தில் எடுத்த வீடியோ. அதில் அவளேதான் சிரித்துக்கொண்டு ஊற்றுகிறாள். "மில்லி கணக்கெல்லாம் வேணாம். ஒரு வாளிக்கு ஒரு மூடி, அம்புட்டுதான்!" கூட்டம் கைதட்டுகிறது. பாமரருக்கும் புரிகிற மாதிரி சொல்லிவிட்டோம் என்று அன்று அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

வீடியோவில் அவள் கையிலிருந்தது சின்ன பாட்டில். கடையில் இருந்தது ஐந்து லிட்டர் கேன். கேனின் மூடி நிறைய, அவளுடைய மூடியால் எட்டு தடவை ஊற்ற வேண்டும்.

"கேன்ல அளவு போட்டிருக்கே, படிக்க மாட்டீங்களா?"

"அது இங்கிலீஷ்ல, எறும்பு சைஸ்ல இருக்கு. நீங்க தமிழ்ல சொன்னீங்க" என்றான். அவள் முகம் போன போக்கைப் பார்த்துத் தேற்ற நினைத்தானோ என்னவோ, "ஆனா பூ மூணு நாள் விரியாம நிக்குதே மேடம்!" என்றான்.

அடி அங்கேதான் விழுந்தது. ஆய்வகத்தில் அந்தப் பூ ஒன்றரை நாளுக்கு மேல் நின்றதே இல்லை. மார்க்கெட்டில் மூன்று நாள் நிற்கிறதாம் என்று செய்தி வந்த அன்று அவள் எல்லோருக்கும் ஸ்வீட் கொடுத்தாள். ஒன்றரை எப்படி மூன்றானது என்று கேட்கத் தோன்றவில்லை. தோன்றவில்லையா, தோன்றியும் விட்டுவிட்டாளா? கொல்லன் அரிவாளை விற்றதோடு போயிருந்தால் சரி. இவள் வெட்டு நன்றாக விழுகிறது என்று கேட்டுக் குளிர்ந்துபோனவள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"வீடியோ எடுங்க" என்றாள்.

கைப்பையில் இருந்த தன் சின்ன பாட்டிலின் மூடியையும் கேனின் மூடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். "ஒரு மூடின்னு சொன்னது நான்தான். அது என் தப்பு. ஒரு வாளிக்கு அஞ்சு மில்லிதான். மூணு நாள் நிக்குதுன்னப்பவே நான் கேட்டிருக்கணும். சந்தோஷத்துல கேக்கல."

"கடைசியை வெட்டிரவா மேடம்? உங்களுக்குத்தான் கெட்ட பேரு."

"அதை வெட்டாதீங்க. அனுப்புங்க."

வீடியோ வியாபாரிகளின் வாட்ஸ்அப் குரூப்புக்குப் போனது. கொஞ்ச நேரத்திலேயே இயக்குநரின் போன் வந்தது; எடுக்கவில்லை. திரும்பவும் பேகம்பூர் போய்ப் பீவியிடம் போட்டுக் காட்டினாள். பீவி முழுவதையும் பொறுமையாகப் பார்த்தார்.

"நல்லாத்தாம்மா சொல்லியிருக்கீக. இதைக் காட்டுனா ரேஷன் கடையில அரிசி போடுவாகளா?"

சத்யபிரியா அப்போதுதான் கழற்றிய செருப்பை மறுபடி மாட்டினாள்.

"கார்டை எடுங்கக்கா. நானும் வாரேன்."